கால் ஒட்டிக்கொண்டால், புரை ஏறினால், குரல் அடங்கினால்: நடுக்குவாதம் உள்ள வீட்டுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

என் அப்பாவுக்கு நடுக்குவாதம் என்று தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளியும் ராகியும் போட்டவர். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுருட்டுவதுபோல் ஆட ஆரம்பித்தன. ஊரில் நரம்புத் தளர்ச்சி என்றார்கள். டானிக் வாங்கிக் குடித்தே ஒரு வருடம் போய்விட்டது. அப்புறம்தான் நரம்பியல் மருத்துவரிடம் போனோம்.

1817-இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் விரிவாக எழுதினார். அதனால் பார்க்கின்சன் நோய் என்று பெயர். மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகின்றன. அசைவைத் தொடங்கவும் அளவாக்கவும் அந்த டோபமைன்தான் வேண்டும். நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் லெவோடோபா என்ற மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறி, சில மணி நேரத்துக்கு உடம்பைத் திருப்பிக் கொடுக்கிறது. இந்த ‘சில மணி நேரம்’ என்பதை நாங்கள் புரிந்துகொள்ளவே இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கீழே உங்கள் வீட்டில் நடப்பது எது என்று பார்த்து அந்தப் பகுதியைப் படியுங்கள். ஆனால் அதற்கு முன்னால் இதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில் கடிகாரம்

கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு? அடுத்தது எப்போது? எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அம்மா கேட்கும் முதல் கேள்வி இப்போது இதுதான். அப்பா நடக்க முடியாமல் நிற்கும்போது மணி பதினொன்றரை, மாத்திரை பன்னிரண்டுக்கு என்றால், பழைய மாத்திரையின் வேகம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் கழுத்தும் தோளும் பாம்புபோல் நெளிந்தால் அது நடுக்கம் இல்லை. அந்த நேரத்துக்கு மருந்து அதிகமாகியிருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். பார்க்கிறவர்களுக்கு நடுக்கமும் இந்த நெளிவும் ‘ஆடுது’ என்றுதான் தெரியும்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நேரம், மாத்திரை, சாப்பாடு, உடம்பு எப்படி இருந்தது என்று நான்கு கட்டம் போட்டு ஒரு வாரம் எழுதுங்கள். நெளிவு வரும்போது போனில் அரை நிமிடம் வீடியோ எடுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்குப் போனாலும், மருத்துவர் முன்னால் கிடைப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடம் அப்பா தெம்பாக இருக்கும் நேரமாக அமைந்துவிட்டால் ‘நல்லாத்தானே நடக்கறார்’ என்று முடிந்துவிடும். எங்களுக்கு இரண்டு தடவை அப்படி ஆனது. நோட்டைக் கொண்டுபோன அன்றுதான் மருத்துவர் மாத்திரை இடைவெளியை மாற்றினார்.

அளவையும் இடைவெளியையும் நீங்களாக மாற்ற வேண்டாம். திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து: காய்ச்சலும் கடும் விறைப்புமாக உயிருக்கே வந்து நிற்கும்.

மாத்திரை போட்டும் உடம்பு அசையவில்லை

முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். லெவோடோபாவும் புரதமும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் ரத்தத்துக்குள் போக வேண்டும். மூளைக்குள் நுழையும்போதும் அதே நெருக்கடி. மாத்திரையும் மொச்சைக் குழம்பும் ஒன்றாக உள்ளே போனால் மாத்திரை பின்னால் நின்றுவிடும். நம் பக்கத்துச் சாப்பாடு கொள்ளு, மொச்சை, அவரை, துவரை என்று பருப்பு நிறைந்தது. காலையில் களிக்குக் கொள்ளுக் கடைசல் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவின கையோடு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார் அப்பா. பத்து மணி வரை மரக்கட்டைதான்.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மாத்திரை. ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாக. வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு ரஸ்க்கோ அரை வாழைப்பழமோ போதும், பால் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் இதையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். இரும்பு லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எத்தனை மணி நேரம் தள்ள வேண்டும் என்று மருந்து எழுதியவரையே கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக இருந்தால் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

இவ்வளவு செய்தும் பருப்பு சாப்பிட்ட நாளெல்லாம் மோசமாக இருக்கிறது என்று உங்கள் நோட்டு சொன்னால், மருத்துவரிடம் பேசிவிட்டுப் புரதத்தின் பெரும்பகுதியை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளலாம். குறைக்கச் சொல்லவில்லை, தள்ளச் சொல்கிறேன். இந்த நோயில் உடம்பு இளைப்பது சாதாரணம். புரதத்தை நிறுத்தினால் எலும்பும் தோலும்தான் மிஞ்சும்.

இரண்டு விஷயம் சொந்தக்காரர்கள் வாயிலிருந்து கட்டாயம் வரும். ஒன்று, அவரையில் இந்த மருந்து இருக்கிறது என்பது. லெவோடோபா இருப்பது வெளிநாட்டு ஃபாவா பீன்ஸில். நாம் மார்கழியில் பறிக்கிற அவரையும் மொச்சையும் வேறு செடி. இன்னொன்று பூனைக்காலி விதை. அதில் லெவோடோபா உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் ஆபத்தும். நாட்டு மருந்துக் கடைப் பொடியில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது; ஏற்கெனவே போடும் மாத்திரையோடு சேர்ந்து அளவு கூடிவிடும். எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

காலையில் எழுந்தால் உடம்பே இல்லை

ராத்திரி முழுக்க மருந்து இல்லாத உடம்பு அது. முதல் மாத்திரையை மூடி கழற்றி, ஒரு சின்னக் கிண்ணத்தில், தண்ணீரோடு தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுங்கள். அலாரம் அடித்ததும் உட்கார்ந்து விழுங்கிவிட்டு, மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை படுக்கையிலேயே முழங்காலை மடக்கி இரண்டு பக்கமும் சாய்ப்பது, கணுக்காலைச் சுழற்றுவது என்று செய்யலாம்.

உடற்பயிற்சியை மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் வையுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு. மருந்துக்கு அடுத்தபடியாக அப்பாவை இத்தனை வருடம் நடமாட வைத்திருப்பது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தினமும் சொல்லித் தர ஆள் இல்லையே என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கால் தரையில் ஒட்டிக்கொண்டது

இதுதான் வீட்டில் எல்லோரையும் அதிகமாகப் பயமுறுத்துவது. நன்றாக நடந்து வருவார், நிலைவாசல் வந்ததும் பசை போட்டதுபோல் நின்றுவிடுவார். மேல் உடம்பு முன்னால் போகும், கால் வராது, அப்படியே குப்புற விழுவார். வாசல், திருப்பம், சந்து, கூட்டம், போன் மணி, ‘சீக்கிரம் வாங்க’ என்ற குரல் ஆகியவைதான் இதைத் தூண்டுகின்றன. பேருந்து நிலையத்தில் நடத்துனர் விசில் ஊதினால் அப்பாவின் கால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் விழுவார். அதற்குப் பதிலாக:

1. இருவருமே நில்லுங்கள். நின்றுவிட்டதை ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு மூச்சு.

2. நிமிர்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, உடம்பு எடையை இடது, வலது, இடது என்று மெல்ல மாற்றச் சொல்லுங்கள்.

3. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ எண்ணி, மூன்றில் ஒரு பெரிய அடி. அதற்கும் வரவில்லை என்றால் உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து ‘இதைத் தாண்டுங்க’ என்று சொல்லுங்கள்.

மூன்றாவது வழி ஏன் பலிக்கிறது என்றால், தானாக நடக்கும் பாதைதான் மூளையில் அடைபட்டிருக்கிறது. கண்ணால் பார்த்து ஒன்றைத் தாண்டுவதற்கு மூளை வேறு வழியைப் பிடிக்கிறது. இதை நாங்கள் கோலத்தில்தான் கண்டுபிடித்தோம். ஒரு மார்கழிக் காலையில் அம்மா வாசல் முழுக்கப் பெரிய கோலம் போட்டிருந்தார். வழக்கமாக வாசலில் நிற்கிற மனிதர், கோலத்தை மிதிக்கக் கூடாது என்று கோடு கோடாகத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் வாயடைத்து நின்றோம். அன்று மத்தியானமே கலர் டேப் வாங்கிவந்து, படுக்கையறையிலிருந்து கழிவறை வரைக்கும், ஒவ்வொரு நிலைவாசலிலும், முழத்துக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடு ஒட்டினேன். தரை சிவப்பு என்பதால் வெள்ளை டேப். தரை நிறத்தோடு கலந்துபோகும் டேப்பால் பயன் இல்லை.

கோடு போலவே தாளமும் வேலை செய்யும். விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர் அப்பா. பம்பை அடிக்கும் தாளத்தை ஒரு கோயில் திருவிழாவில் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் அடி சீராக விழுகிறது. பாட்டு எதுவானாலும் சரி, தாளம் ஒரே வேகமாக, அவர் இயல்பாக நடக்கும் வேகத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

திரும்பும்போது குதிகாலில் சுழலக் கூடாது. மாட்டு வண்டி திரும்புவதுபோல் அகலமாக வட்டம் போட்டுத் திரும்பட்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கையில் சொம்போ தட்டோ கொடுக்காதீர்கள். சாமான் எடுத்துப்போகத் தோளில் மாட்டும் ஜோல்னாப் பை. கால் மிதியடிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். பின்பக்கம் வார் இல்லாத ரப்பர் செருப்பையும் விடுங்கள், நழுவும். ஊன்றுகோலா, சக்கர நடைவண்டியா என்பதை இயன்முறை மருத்துவர் நடக்கவிட்டுப் பார்த்துச் சொல்லட்டும். சிலருக்குச் சக்கரம் முன்னால் ஓடிவிடும், சிலருக்குத் தூக்கி வைக்கும் வகைதான் காலைக் கட்டிப்போடும்.

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது

இது ரத்த அழுத்தம் சரிவது. நோயாலும் வரும், மாத்திரையாலும் வரும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒவ்வொரு தடவை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டியது. முன்பு ரத்தக் கொதிப்புக்கு எழுதிய மாத்திரை இப்போது அதிகமாக இருக்கலாம், அதை அவர்தான் குறைக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது: எழுவதற்கு முன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, அப்புறம் எழுவது. மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டாலும் அழுத்தம் இறங்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்தால் இரட்டிப்பாகும். உப்பைக் கூட்டுவது மருத்துவர் சொன்னால் மட்டும்.

நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, கட்டிலில் புரள முடியவில்லை

முதலில் கயிற்றுக் கட்டிலை மாற்றுங்கள். நைலான் கட்டிலும் அப்படித்தான். நடுவில் தொய்ந்து குழியாகிவிடும், இடுப்பு அதற்குள் விழுந்தால் நல்ல உடம்புக்காரருக்கே எழுவது சிரமம். முழங்கால் உயரத்தில் மரக்கட்டில், கெட்டியான மெத்தை.

புரள்வதற்கு: இரண்டு முழங்காலையும் மடக்கி, புரள வேண்டிய பக்கம் தலையைத் திருப்பி, எதிர்க் கையைக் குறுக்கே வீசி, முழங்காலை அந்தப் பக்கம் சாய்ப்பது. முரட்டுப் பருத்தி விரிப்பு உடம்பைப் பிடித்துக்கொள்ளும். இடுப்பு படும் இடத்தில் மட்டும் வழுவழுப்பான பட்டுத் துணியோ சாட்டின் துணியோ விரித்துப் பாருங்கள், அம்மாவின் பழைய சேலை ஒன்றே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. கால்மாட்டுச் சட்டத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டிவைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம்.

நாற்காலிக்குக் கை இருக்க வேண்டும். முன்னால் நகர்ந்து நுனிக்கு வந்து, பாதத்தைப் பின்னால் இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும் வரை குனிந்து, முன்னும் பின்னும் இரண்டு தடவை ஆடி எழ வேண்டும். நேராக மேலே தள்ளினால் பின்னால்தான் விழுவார்கள். நீங்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். அவர் தோளும் போகும், உங்கள் இடுப்பும் போகும்.

சாப்பிடும்போது சிந்துகிறது, பட்டன் போட முடியவில்லை

எவர்சில்வர் டம்ளரில் சூடாகக் காபி கொடுப்பதை நிறுத்துங்கள். பெரிய கைப்பிடி உள்ள கனமான கோப்பை, பாதி வரை. விளிம்பு உயர்ந்த குழித்தட்டு, அதன் அடியில் நனைத்துப் பிழிந்த துணி, தட்டு நகராது. கரண்டிக் காம்பில் சைக்கிள் கைப்பிடி ரப்பரைச் செருகினால் பிடி கிடைக்கும். முழங்கையை மேசையில் ஊன்றிச் சாப்பிடட்டும். கல்யாணப் பந்தியில் இலையில் ரசம் ஓடுவதைப் பிடிக்க முடியவில்லை என்பதற்காகவே அப்பா விசேஷங்களுக்குப் போகாமல் இருந்தார். இப்போது ஒரு கிண்ணம் கொண்டுபோகிறோம்.

பட்டனுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை தைத்துக்கொள்ளலாம். ஒட்டிக்கோ வேட்டி கடைகளில் கிடைக்கிறது. பெண்களுக்கு ஜாக்கெட் கொக்கியிலும் அதே ஒட்டும் பட்டை. சவரத்துக்கு டிரிம்மர். உடுத்த நேரம் கொடுங்கள், அவசரப்படுத்தினால் நடுக்கம் கூடும்.

தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது, களி தொண்டையில் நிற்கிறது

இதை லேசாக விடாதீர்கள். உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வருவதுதான் இந்த நோயில் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முக்கியமானது. சாப்பிட்டதும் குரல் ஈரமாக, கரகரவென்று மாறினால், சாப்பிடும் நேரம் கூடிக்கொண்டே போனால், அடிக்கடி சளிக்காய்ச்சல் வந்தால், விழுங்குவதைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது களி. நம் வீடுகளில் களியை யாரும் மெல்வதில்லை. உருண்டையைப் பிய்த்து, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவதுதான் பழக்கம். தொண்டைத் தசை மெதுவாகிவிட்ட ஒருவருக்கு அது பசையாகப் போய் அடைத்துக்கொள்ளும். ‘ஐம்பது வருஷமா சாப்பிட்டவன்டா நான்’ என்று அப்பா தம்பியிடம் கோபப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. களியைப் பிடுங்குவது அவர் ஊரையே பிடுங்குவது போல. அதனால் ராகியை விடவில்லை, பதத்தை மாற்றினோம். கட்டி தட்டாமல், கரண்டியில் எடுத்தால் மெல்ல வழியும் பதத்தில் கூழ், மேலே கீரை மசியல். வெறும் தண்ணீர்தான் பலருக்குக் கடினம், அது வேகமாக ஓடிவிடும். கூழ் பதம் தொண்டைக்கு நேரம் கொடுக்கும். எவ்வளவு கெட்டி என்பது ஆளுக்கு ஆள் மாறும், சோதித்தவர் சொல்வதுதான் அளவு.

நேராக நிமிர்ந்து உட்காருவது. டிவியை அணைப்பது. ஒரு வாய் முழுதாக இறங்கிய பிறகே அடுத்தது. குடிக்கும்போது அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவே கூடாது: நம் ஊரில் டம்ளரை உதட்டில் வைக்காமல் குடிப்பது மரியாதை, ஆனால் தலை பின்னால் போனால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். மோவாயை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவும். ஸ்ட்ரா சிலருக்கு நல்லது, சிலருக்குப் புரையை அதிகமாக்கும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் சாப்பாடு அமைவது எல்லாவற்றிலும் பெரிய உதவி. பல் தேய்ப்பதை விடாதீர்கள். வாயில் கிருமி குறைந்தால் நிமோனியாவும் குறையும்.

எச்சில் வழிவது இதோடு சேர்ந்ததுதான். எச்சில் அதிகமாகச் சுரப்பதில்லை, விழுங்குவது குறைந்துவிட்டது. பேச ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை விழுங்குவதைப் பழக்கமாக்குங்கள். தலை தொங்காமல் இருந்தாலே பாதி சரியாகும்.

குரல் அடங்கிவிட்டது, முகம் இறுகிவிட்டது

தன் குரல் சின்னதாகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. சாதாரணமாகப் பேசுவதாகத்தான் அவர்கள் காதுக்குக் கேட்கும், நாம் கத்தச் சொல்வதாக நினைப்பார்கள். ‘தெளிவாப் பேசுங்க’ என்று சொல்லிப் பயனில்லை. ‘வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கறவனைக் கூப்பிடுங்க’ என்றேன், அன்றுதான் குரல் வந்தது. எல்.எஸ்.வி.டி. லவுட் என்று இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு: வாரம் நான்கு நாள், நான்கு வாரம், சத்தமாகப் பேசுவது ஒன்றையே பழக்குவார்கள். பயிற்சியாளர் கிடைக்காத வரைக்கும், தினமும் காலையில் ‘ஆ’ என்று மூச்சு முடியும் வரை நீட்டுவது, பேப்பரில் ஒரு செய்தியைச் சத்தமாகப் படிப்பது.

முகத் தசை விறைப்பதால் சிரிப்பு வெளியில் தெரியாது. ‘உங்கப்பா முகம் கொடுத்தே பேசறதில்ல’ என்று அத்தை கோபித்துக்கொண்டு மூன்று மாதம் வரவில்லை. பேரன் ‘தாத்தா ஏன் முறைக்கறார்’ என்று கேட்டான். சுற்றி இருக்கிறவர்களிடம் இதை நீங்கள்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் உள்ளேயும் இருட்டாக இருக்கலாம்: மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயே மூளையில் கொண்டுவரக்கூடியவை. பிடித்ததில்கூட ஆசை இல்லை, தூக்கம் இல்லை, சாகணும் என்று பேச்சு வருகிறது என்றால் அதே மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

கையெழுத்து எறும்பு ஊர்வதுபோல் சிறுத்துவிட்டது

கோடு போட்ட தாள், தடித்த பேனா, ‘பெருசா, பெருசா’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது. சிறுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவது. வங்கிக்கு மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் போங்கள், உட்கார்ந்து கையெழுத்திடக் கேளுங்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று எங்களை ஒரு வங்கிக் கிளையில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்திட முடியாத நோயாளி பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம், சாட்சிக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் வங்கி ஊழியர் என்று ரிசர்வ் வங்கி வழிமுறையே இருக்கிறது. அதை முன்பே தெரிந்துவைத்திருந்தால் அப்பாவை அந்த வரிசையில் நிற்க வைத்திருக்க மாட்டேன். ஓய்வூதிய ஆயுள் சான்றைப் பல பேர் இப்போது போனில் முகம் காட்டியே முடித்துவிடலாம்.

இன்னொன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் உண்டு. நடுக்கத்துக்கெல்லாம் ஊனச் சான்று தரமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட ஆட்சியர் வளாகத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவிக்கும் கேளுங்கள்.

மலச்சிக்கல்

நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே பலருக்கு இது தொடங்கிவிடும். இதைச் சரிசெய்யாமல் மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. ராகி, கீரை, கொய்யா, தண்ணீர். இதயம், சிறுநீரகத்துக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவு. காலையில் வெதுவெதுப்பாக ஏதாவது குடித்துவிட்டு தினமும் ஒரே நேரத்தில் போய் உட்காருவது. உட்காரும் கழிவறை, சுவரில் பிடிகம்பி, பாதத்துக்குக் கீழ் ஒரு மணை. மூன்று நாளுக்கு மேல் போகவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

தூக்கத்தில் அடிக்கிறார், இல்லாத ஆளோடு பேசுகிறார்

இவை இரண்டும் வேறு. கனவில் நடப்பதை அப்படியே கை காலால் செய்வது முதலாவது. ஒரு ராத்திரி அப்பா கனவில் காட்டுப்பன்றியை விரட்டி, அம்மா தோளில் அடித்துவிட்டார். விடிந்ததும் அவருக்குத் தெரியாது, சொன்னபோது அழுதார். கட்டிலைத் தாழ்வாக்குங்கள், பக்கத்தில் தரையில் மெத்தை போடுங்கள், எட்டும் தூரத்தில் டார்ச், சொம்பு எதுவும் வேண்டாம், துணைவர் சில காலம் தனிக் கட்டிலில் படுக்கட்டும். மருத்துவரிடம் சொன்னால் இதற்கும் மருந்து உண்டு.

விழித்திருக்கும்போதே இல்லாத ஆளையோ பூனையையோ பார்ப்பது இரண்டாவது. ‘அங்க யாரும் இல்ல’ என்று வாதாடாதீர்கள். விளக்கைப் போடுங்கள், கூடவே இருங்கள். புதிதாக வந்தால் முதலில் சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குறைவு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து மாத்திரைப் பட்டியல். நடுக்கத்துக்கு எழுதும் டிரைஹெக்ஸிபெனிடில் வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் தரக்கூடியது. இதே நோய்க்கு எழுதும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகை மாத்திரையில் சிலருக்கு அடக்க முடியாத ஆசை வரும்: போனில் ரம்மி, தேவையில்லாத சாமான் வாங்குவது, ஓயாத தீனி. வெட்கப்பட்டு மறைப்பார்கள். குணக்கேடு என்று திட்டாதீர்கள், மருந்தை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

நேற்று வரை நன்றாக இருந்தவர் ஒரே நாளில் படுத்துவிட்டார்

இந்த நோய் ஒரே நாளில் இப்படி முற்றாது. ஏதோ ஒன்று நடந்திருக்கிறது: தொற்று, மலச்சிக்கல், விழுந்து தலையில் அடி, மாத்திரை விட்டுப்போனது, அல்லது புது மருந்து. தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ இருந்தால், காய்ச்சலோடு உடம்பு கல்லாக விறைத்தால், 108-ஐக் கூப்பிடுங்கள்.

புது மருந்து என்பதை அனுபவித்து அறிந்தோம். நாலு வருடம் முன் அப்பாவுக்கு வாந்தி. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். வாந்தி நின்றது, அடுத்த நாள் காலையில் அவரால் வாயைக்கூடத் திறக்க முடியவில்லை. வாந்திக்குப் போடும் சில மருந்துகள் டோபமைனை அடைத்துவிடும். அதை ஒரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம், அப்பா பழையபடி ஆக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

அதே போல மருத்துவமனையில் சேர்த்தால் வார்டில் மாத்திரை கொடுக்கும் நேரம் அவர்கள் வசதிப்படி இருக்கும். எங்கள் நேரம் தவறக் கூடாது என்று முதல் நாளே நர்ஸ் அக்காவிடம் பட்டியல் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கான மாத்திரையை எப்போதும் கையிருப்பில் வையுங்கள்; பெங்களூருக்குப் போகிற நாளில் மேல்பையில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊசிக்குப் பிறகு ஒரு அட்டையில் எழுதி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை போட்டு, அப்பாவின் எல்லாச் சட்டைப் பையிலும் ஒன்று வைத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொண்டு எழுதிவையுங்கள். அதில் இருப்பது:

எனக்குப் பார்க்கின்சன் நோய். நான் குடித்திருக்கவில்லை. பேச்சு மெதுவாக வரும், காத்திருக்கவும்.

என் லெவோடோபா மாத்திரை காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நிறுத்தக் கூடாது, தள்ளிப்போடக் கூடாது.

மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால், சின்னாரிசின், ஃபுளுனாரிசின் கொடுக்க வேண்டாம்.

நான் நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். உங்கள் காலை என் முன்னால் குறுக்காக வையுங்கள், தாண்டி வருகிறேன்.